சிங்கப்பூர் டூ புக்கெட்: சொகுசுக் கப்பலில் டூர் போறீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

"மூன்று நாடுகள், நான்கு இரவுகள், ஐந்து நாட்கள்... நீச்சல் குளம், தியேட்டர், விதவிதமான சாப்பாடு, பால்கனியில் இருந்து சூரிய அஸ்தமனம்!" செல்போனைத் திறந்தாலே இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. மாலத்தீவு, துபாய் வரிசையில் இப்போது நடுத்தரக் குடும்பங்களின் ஆசைப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்திருப்பது தென்கிழக்கு ஆசிய சொகுசுக் கப்பல் பயணம்.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் விளம்பரத்தில் இருக்கும் விலை வேறு, கடைசியில் வரும் பில் வேறு. அதில் எழுதியிருக்கும் ஊர் வேறு, கப்பல் போய் நிற்கும் இடம் வேறு. அவ்வளவு ஏன், உங்கள் செல்போன் காட்டும் நேரமும் கப்பலின் நேரமும்கூட வேறாக இருக்கலாம். விஷயம் தெரியாமல் போனால், வருஷக்கணக்கில் சேர்த்த பணம் துறைமுக வாசலிலேயே வீணாகும் ஆபத்து உண்டு. எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்தக் கப்பல்கள் எவ்வளவு பெரிசு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "ஒன்றரை லட்சம் டன் கப்பல்" என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அது கப்பலின் எடை கிடையாது. கப்பலுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கணக்கிடும் அளவு அது.

சிங்கப்பூரில் இருந்து இயங்கும் 'ஜென்டிங் டிரீம்' கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் ஜெர்மனியில் கட்டப்பட்ட இந்தக் கப்பலின் அளவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். நீளம் 335 மீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று கால்பந்து மைதானங்களை வரிசையாக வைத்த நீளம். மொத்தம் 18 தளங்கள். அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கிலேயே 3,300 பேருக்கு மேல் தங்கலாம்.

இதைவிடப் பெரியது டிஸ்னியின் 'டிஸ்னி அட்வெஞ்சர்'. இதன் அளவு சுமார் 2,08,000 டன். பயணிகள் மட்டும் 6,700 பேர் வரை. கட்டிக்கொண்டிருந்த நிறுவனம் நொடித்துப்போய் வேலை பாதியில் நிற்க, 2022-ல் டிஸ்னி இந்தக் கப்பலை வாங்கியது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு இந்தக் கப்பலுக்குத் திட்டமிடப்பட்ட 3 இரவு, 4 இரவுப் பயணங்களில் வேறு எந்த ஊரிலும் இறங்க முடியாது. கடலில் ஒரு சுற்று, திரும்ப சிங்கப்பூர். கப்பல்தான் சுற்றுலாத் தலமே!

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் வாங்குவது ஊர் சுற்றும் டூரா, மிதக்கும் ஹோட்டலில் விடுமுறையா என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் இந்த உதாரணம்.

ஏன் எல்லாமே சிங்கப்பூரில் இருந்து?

காரணம் எளிமையானது. ஒரு பக்கம் மலாக்கா நீரிணை, இன்னொரு பக்கம் தென்சீனக் கடல். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் என்று எந்தத் திசையில் திரும்பினாலும் சில நாட்களில் போய் வரலாம். சாங்கி விமான நிலையத்துக்கு உலகம் முழுவதிலும் இருந்து விமானங்கள் வருகின்றன. சென்னையில் இருந்து நேரடி விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம்தான்.

கொரோனா காலத்தில்கூட, 2020 நவம்பரில், எந்த ஊரிலும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களைச் சிங்கப்பூர் தொடங்கிவிட்டது. மற்ற நாடுகளின் துறைமுகங்கள் திறந்த பிறகு பழைய வழித்தடங்கள் மீண்டும் உயிர் பெற்றன.

இந்தக் கடல்வழி தமிழர்களுக்குப் புதிதும் இல்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்ற தடத்தில் 'ரஜூலா' கப்பல் 1926-ல் தொடங்கி சுமார் அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பிறகு வந்தது 'எம்.வி. சிதம்பரம்'. 1985-ல் அந்தக் கப்பலில் ஏற்பட்ட தீ விபத்தில் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அதன் பயணிகள் சேவையும் முடிவுக்கு வந்தது. அன்று நம்மவர்கள் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் பிழைப்புத் தேடிப் போன அதே நீரிணையில்தான் இன்று பால்கனி அறைகள் மிதந்து போகின்றன.

ஐந்து நாளில் ஊரைப் பார்க்க எவ்வளவு நேரம் கிடைக்கும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அடிக்கடி விற்கப்படும் ஒரு திட்டத்தைப் பார்ப்போம்: சிங்கப்பூர் – பினாங்கு – புக்கெட் – சிங்கப்பூர், நான்கு இரவு.

முதல் நாள் மாலை சிங்கப்பூரில் கப்பல் புறப்படும். பினாங்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தூரம். கப்பலின் வேகம் மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர்தான். ஆக, மறுநாள் மதியவாக்கில்தான் பினாங்கு வரும். இரவு கிளம்பிவிடும். மூன்றாம் நாள் காலை புக்கெட், மாலை அல்லது இரவு புறப்பாடு. நான்காம் நாள் முழுக்கக் கடல். ஐந்தாம் நாள் காலை மறுபடி சிங்கப்பூர்.

கப்பலுக்குக் கப்பல் நேரம் மாறும். ஆனால் தோராயமாகக் கணக்குப் போட்டால், "ஐந்து நாட்கள்" என்று விற்கப்படும் பயணத்தில் வெளியூர்களில் கப்பல் நிற்பது சுமார் 20 மணி நேரம். அதிலும் இறங்குவதற்கான வரிசை, குடியுரிமைச் சோதனை, முன்கூட்டியே கப்பலுக்குத் திரும்புவது எல்லாம் போக, கையில் மிஞ்சுவது இன்னும் குறைவு.

அதனால் "எத்தனை நாடு?" என்று கேட்காதீர்கள். "ஒவ்வொரு துறைமுகத்திலும் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குக் கிளம்பும்?" என்று கேளுங்கள். அந்த அட்டவணையைத் தராமல் முன்பணம் மட்டும் கேட்கும் ஏஜென்ட்டிடம் உஷாராக இருங்கள்.

பாங்காக் என்றால் பாங்காக்கிலேயே நிற்குமா?

நிற்காது. பெரிய கப்பல்களுக்கு ஆழமான துறைமுகம் தேவை. அது பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே எங்கேயோ இருக்கும். முக்கியமான ஊர்களின் உண்மை நிலவரம் இதுதான்:

பாங்காக்: பெரிய கப்பல்கள் நிற்பது லேம் சபாங் துறைமுகத்தில். அங்கிருந்து பாங்காக் 120 கிலோமீட்டருக்கு மேல். சாலையில் போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். டிராஃபிக் தனி! உண்மையில் அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர் பட்டாயாதான்.

கோலாலம்பூர்: கப்பல் நிற்பது போர்ட் கிள்ளானில். நகருக்குள் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். இரட்டைக் கோபுரம், பத்துமலையில் 272 படி ஏறி முருகன் தரிசனம், ஷாப்பிங் என்று மூன்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் ஓட்டமும் நடையுமாகத்தான் இருக்கும்.

ஹோ சி மின் நகரம்: பெரிய கப்பல்கள் நிற்பது ஃபூ மீ துறைமுகத்தில். இங்கிருந்தும் நகரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரப் பயணம்.

ஹனோய்: கப்பல் வருவது ஹா லாங் விரிகுடாவுக்கு. சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் நிறைந்த அந்த இடமே தனி அழகு. ஹனோய் போய் வர ஆசைப்பட்டால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

புக்கெட்: பல பெரிய கப்பல்கள் படோங் கடற்கரைக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரம் போடும். அங்கிருந்து 'டெண்டர்' எனப்படும் சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். ஆயிரக்கணக்கான பேர், சில படகுகள். வரிசை எவ்வளவு நீளும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு, குறிப்பாக வீல்சேரில் வருபவர்களுக்கு, இது பெரிய சிரமம். கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகே ஓடாது.

பினாங்கு: இதுதான் விதிவிலக்கு. ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் ஓரத்திலேயே இருக்கிறது. 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பழைய நகரம் அது. கப்பலில் இருந்து இறங்கி நடந்தே லிட்டில் இந்தியா போகலாம். 1833-ல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், நாசி கண்டார் கடைகள் எல்லாமே நடை தூரத்தில். டாக்சி செலவே இல்லாமல் ஒரு மாலைப் பொழுதை நிறைவாகக் கழிக்கலாம்.

சரி, செலவு எவ்வளவு ஆகும்?

சீசன், அறை, எவ்வளவு நாள் முன்பு புக் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விமான டிக்கெட் மாதிரியே இதுவும் ஏறி இறங்கும். பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு சமயங்களில் எகிறும். எனவே விலையைவிட முக்கியம், அந்த விலைக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்பது.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை பெரும்பாலும் ஒருவருக்கானது. அதுவும் ஒரே அறையில் இரண்டு பேர் தங்கும் கணக்கில். அறையும் ஜன்னலே இல்லாத 'இன்சைட் கேபின்' ஆக இருக்கும். படத்தில் காட்டும் பால்கனி அறைக்கு விலை தனி. தனியாகப் போகிறவர் பல நேரங்களில் இரண்டு பேருக்கான கட்டணத்தையே கட்ட வேண்டி வரும்.

கட்டணத்துக்குள் வருபவை: அறை, பொதுவான உணவகங்களில் சாப்பாடு, பெரும்பாலான நிகழ்ச்சிகள், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம்.

பெரும்பாலும் தனியாகக் கட்ட வேண்டியவை:

- துறைமுகக் கட்டணமும் வரிகளும்
- ஊழியர்களுக்கான டிப்ஸ்
- குளிர்பானம், மது, ஸ்பெஷல் காபி
- ஸ்பெஷல் உணவகங்கள், ஸ்பா
- வைஃபை
- கரையில் சுற்றிப் பார்க்கும் டூர்கள்
- கப்பலுக்கு முன்னும் பின்னும் சிங்கப்பூரில் தங்கும் ஹோட்டல்
- விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ்

டிப்ஸ்தானே, விருப்பப்பட்டால் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பெரிய நிறுவனங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை தானாகவே பில்லில் ஏறிவிடும். குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். நாலு பேர் கொண்ட குடும்பம், நான்கு இரவு, 18 டாலர் என்று வைத்தால் மொத்தம் 288 டாலர். நம்ம பணத்தில் ஏறத்தாழ 25,000 ரூபாய். விளம்பரத்தில் இந்தத் தொகை ஒரு மூலையில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவில்தான் இருக்கும்.

கப்பலில் ரொக்கம் கிடையாது. அறை அட்டையைத் தட்டினால் போதும், கணக்கு ஏறிக்கொண்டே போகும். கடைசி நாளில் உங்கள் கிரெடிட் கார்டில் டாலராகப் பிடிப்பார்கள். அதன் மேல் வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் வரும். அதனால் தினமும் இரவு கணக்கைச் சரிபார்ப்பது நல்லது. குழந்தைகளின் அட்டையில் செலவு வசதியை முடக்கச் சொல்லலாம். வீடியோ கேம் அறையில் கரையும் பணம் மிச்சமாகும்!

இந்தியாவில் ஏஜென்ட்டிடம் வெளிநாட்டு டூர் பேக்கேஜாக வாங்கினால் 'டிசிஎஸ்' என்ற வரியையும் சேர்த்து வசூலிப்பார்கள். இதன் விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது. இது உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

விசா: ஒரே ஒரு வார்த்தையில் மொத்த டூரும் போகலாம்!

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையிலேயே மிக முக்கியமான பகுதி இதுதான்.

சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும். நீங்கள் விமானத்தில் சிங்கப்பூர் வருகிறீர்கள். அது முதல் நுழைவு. கப்பலில் ஏறி மலேசியா, தாய்லாந்து போகிறீர்கள். கப்பல் திரும்பி வரும்போது மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். அது இரண்டாவது நுழைவு! அதனால் பலமுறை நுழைய அனுமதிக்கும் 'மல்டிபிள்' விசாதான் தேவை. ஒருமுறை நுழையும் விசா மட்டும் கையில் இருந்தால், செக்-இன் கவுன்டரிலேயே கப்பலில் ஏற்ற மறுக்கலாம். அப்படி நிறுத்தப்பட்டால் பணம் திரும்ப வராது. விசா கைக்கு வந்ததும் முதலில் அந்த ஒரு வார்த்தையைப் பாருங்கள்.

மற்ற நாடுகள்?

மலேசியா: 2023 டிசம்பரில் இருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி. 2026 இறுதி வரை இந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

தாய்லாந்து: 2024 ஜூலையில் இந்தியர்களுக்கும் விசா விலக்கு அறிவிக்கப்பட்டது. 2025 மே மாதம் முதல் டிஜிட்டல் வருகை அட்டையும் வந்துவிட்டது.

வியட்நாம்: முன்கூட்டியே ஆன்லைனில் இ-விசா எடுக்க வேண்டும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். கப்பல் வியட்நாமில் தொடங்கி வேறு நாட்டுக்குப் போய் மறுபடி வியட்நாம் வந்தால் இங்கேயும் அதே மல்டிபிள் சிக்கல்தான்.

சிங்கப்பூர், மலேசியாவுக்கும் ஆன்லைன் வருகை அட்டைகள் உண்டு. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அதனால் போன வருஷம் போய் வந்த உறவினர் சொன்னதை நம்பாமல், கிளம்புவதற்கு முன் அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். "நாங்க கப்பலை விட்டே இறங்க மாட்டோம்" என்றாலும்கூட, வழியில் இருக்கும் எல்லா நாட்டுக்கும் விசா இருந்தால்தான் ஏற்றிக்கொள்வோம் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. பாஸ்போர்ட்டும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

போனைப் பார்த்தால் கப்பலைக் கோட்டை விடலாம்!

சிங்கப்பூர், மலேசிய நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். தாய்லாந்து, வியட்நாம் ஒன்றரை மணி நேரம்தான் முன்னால். அதாவது சிங்கப்பூருக்கும் புக்கெட்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்.

சில கப்பல்கள் புக்கெட் வந்தாலும் கடிகாரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். ஆனால் உங்கள் செல்போன் கரையில் இறங்கியதுமே தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கடைசிப் படகு மாலை 6 மணி என்று கப்பலில் அறிவித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் போனில் 5 மணி. "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே, ஒரு இளநீர் குடிக்கலாம்" என்று உட்கார்ந்தீர்கள் என்றால், அதே நொடியில் கடைசிப் படகு கிளம்பிக்கொண்டிருக்கும்.

இறங்கும்போது "கப்பல் நேரமா, உள்ளூர் நேரமா?" என்று கேட்டு, ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் செலவில்லாத இன்சூரன்ஸ் இது.

சரி, லேட் ஆனால் கப்பல் காத்திருக்காதா? கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவில் போயிருந்தால் பொதுவாகக் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த இடத்துக்குச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாக டாக்சி பிடித்துப் போயிருந்தால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போக வேண்டும். கப்பல் டூர் விலை அதிகம்தான். ஆனால் லேம் சபாங்கில் இருந்து பாங்காக் போவது மாதிரி நீண்ட தூரங்களுக்கு அந்தக் கூடுதல் பணம் நிம்மதிக்கான விலை. பினாங்கு மாதிரி நடை தூரத்தில் ஊர் இருந்தால் தாராளமாக நீங்களே சுற்றலாம்.

சில பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பல் அலுவலகமே வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் இறங்கும்போது பாஸ்போர்ட் நகல், கொஞ்சம் பணம், ஒரு கார்டு, அன்றாடம் சாப்பிடும் மருந்து ஆகியவை கையில் இருக்கட்டும்.

நடுக்கடலில் வாட்ஸ்அப் பார்த்தால் என்ன ஆகும்?

கரையை விட்டு விலகியதும் உங்கள் போன் கப்பலின் செயற்கைக்கோள் வழி மொபைல் நெட்வொர்க்கில் தானாகச் சேரக்கூடும். சாதாரண ரோமிங் பேக்கில் இது அடங்காது என்பதால் பில் பயங்கரமாக வரும். கப்பலில் ஏறியதும் 'ஏர்பிளேன் மோட்' போட்டுவிட்டு, தேவைப்பட்டால் வைஃபை மட்டும் ஆன் செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் "ரெண்டு நாள் லைனில் வரமாட்டோம்" என்று முன்பே சொல்லிவிட்டால் அவர்களும் பதற மாட்டார்கள்.

எந்த மாதம் போகலாம்?

புக்கெட், லங்காவி பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று காலம். அலை அதிகமானால் புக்கெட்டில் டெண்டர் படகு ரத்தாகும் வாய்ப்பும் கூடும்.

வியட்நாம் பக்கம் கதை வேறு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றால் தென்சீனக் கடல் கொந்தளிப்பாக இருக்கலாம். மத்திய வியட்நாமில் அக்டோபர், நவம்பரில் புயல் மழை அதிகம். மலாக்கா நீரிணைக்குச் சுமத்ரா தீவு அரணாக இருப்பதால் பெரும்பாலும் அமைதிதான். முதல்முறை போகிறவர்களுக்குப் பினாங்கு வழித்தடம் பொருத்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வானிலை சரியில்லை என்று கேப்டன் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டால்? ஒப்பந்தப்படி அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. பொதுவாக அந்தத் துறைமுகத்துக்கான கட்டணம் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும்.

உடம்புக்கு முடியலைன்னா?

ஒவ்வொரு பெரிய கப்பலிலும் டாக்டர், நர்ஸ், சிறு மருத்துவமனை உண்டு. ஆனால் இலவசம் இல்லை. நிலைமை மோசமானால் வெளிநாட்டு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவு டூர் செலவைவிடப் பல மடங்கு போகலாம். கப்பல் பயணத்தையும் அவசர மருத்துவ வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய இன்சூரன்ஸ் எடுப்பதைத் தவிர்க்காதீர்கள். சர்க்கரை, இதய நோய் போன்றவை இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம். மறைத்தால் கிளைம் நிராகரிக்கப்படலாம்.

தலைசுற்றல், வாந்திக்குப் பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கே குறைவு. பஃபே பகுதியில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸுக்கு சானிடைசரைவிட சோப்புதான் நல்லது.

பயணம் முடிவதற்குள் 24-வது வாரத்தை எட்டும் கர்ப்பிணிகளையும், ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தைகளையும் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. இதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்புப் பயிற்சியையும் தவிர்க்காதீர்கள். 2012-ல் இத்தாலியில் 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தனர். அதில் பல பயணிகளுக்கு அதுவரை பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் புறப்படுவதற்கு முன்பே, அல்லது புறப்பட்ட உடனே, பயிற்சி கட்டாயம் என்று சர்வதேச விதி மாற்றப்பட்டது.

இந்த மிட்டாயைத் தொடாதீங்க!

தாய்லாந்தில் 2022-ல் கஞ்சா மீதான தடை தளர்த்தப்பட்டது. 2025-ல் மீண்டும் கட்டுப்பாடுகள் வந்தன. சுற்றுலாப் பகுதிகளில் கஞ்சா கலந்த மிட்டாய், பிஸ்கட், பானங்களும் கண்ணில் படலாம். ஆனால் உங்கள் கப்பல் திரும்பிப் போவது சிங்கப்பூருக்கு! அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. சிறு அளவு வைத்திருந்தாலும், உட்கொண்டிருந்தாலும் வழக்குதான். இலை படம் போட்ட எந்தப் பொருளையும் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். யார் கொடுத்த பார்சலையும் வாங்கி வராதீர்கள். இ-சிகரெட்டுக்கும் சிங்கப்பூரில் தடை. சூயிங்கம்கூட விற்பனைக்காகக் கொண்டுவரக் கூடாது.

சிரித்த முகத்துக்குப் பின்னால்...

துண்டில் யானைப் பொம்மை செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போகும் ஊழியர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று எங்கிருந்தோ வந்தவராக இருப்பார். மாதக்கணக்கில் நீளும் ஒப்பந்தம். அந்தக் காலம் முழுக்க வார விடுமுறை என்று ஒரு முழு நாள் கிடைப்பது அரிது. 2013-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தர வேண்டும். அதாவது ஒருவர் ஒரு நாளில் 14 மணி நேரம் வரை வேலை செய்ய விதியிலேயே இடம் இருக்கிறது. டிப்ஸ் என்ற பெயரில் நீங்கள் கட்டுவது பல நேரங்களில் இவர்களின் வருமானத்தில் ஒரு பகுதி. அதை நீக்கச் சொல்லிக் கவுன்டரில் சண்டை போடுவதைவிட, புக் செய்யும்போதே அதையும் செலவில் சேர்த்துவிடுவதுதான் நியாயம்.

அப்போ போகலாமா, வேண்டாமா?

தாராளமாகப் போகலாம், யாருக்கு எது தேவை என்பது தெரிந்திருந்தால்.

வயதான அப்பா அம்மாவையும் சின்னக் குழந்தைகளையும் ஒன்றாக அழைத்துப் போக வேண்டும், தினமும் ஹோட்டல் மாற்றிப் பெட்டி தூக்க முடியாது, சாப்பாட்டுக்கு அலையக் கூடாது என்றால் கப்பல் அருமையான வழி. ஒருமுறை பெட்டியைப் பிரித்தால் போதும். தாத்தா பாட்டி கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் தண்ணீர்ச் சறுக்கில் விளையாடுவார்கள். பல கப்பல்களில் சைவ, ஜைன உணவும் கிடைக்கும். ஹலால் வசதியுள்ள கப்பல்களும் உண்டு. புக் செய்யும்போதே எழுத்தில் சொல்லி வைத்துவிடுங்கள்.

ஆனால் சந்தைக்குள் நுழைந்து சாப்பிட வேண்டும், கோயில்களை நிதானமாகப் பார்க்க வேண்டும், இரவு நேரத் தெருக்களில் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு விமானமும் ஹோட்டலும்தான் சரி. கிட்டத்தட்ட அதே பணத்தில், அதே ஊர்களில் நாள்கணக்கில் இருக்கலாம்.

இரண்டில் எது என்று முடிவு செய்த பிறகு, பணம் கட்டுவதற்கு முன் ஏஜென்ட்டிடம் இந்த ஐந்து கேள்விகளையும் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது.

1. டிப்ஸ், துறைமுகக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து எங்கள் குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு?
2. கப்பல் நிற்கும் துறைமுகத்தின் பெயர் என்ன? அங்கிருந்து ஊர் எவ்வளவு தூரம்?
3. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மணி நேரம் நிற்கும்? படகில் இறங்க வேண்டுமா?
4. எந்தெந்த விசா, எத்தனை முறை நுழையும் விசா?
5. நாங்கள் ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

இன்னொரு விஷயம். கப்பல் புறப்படும் அன்றே சிங்கப்பூர் போய் இறங்கும் விமானத்தில் டிக்கெட் போடாதீர்கள். பல கப்பல்களில் புறப்படுவதற்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன் மூடிவிடும். சிங்கப்பூரில் மெரினா பே, ஹார்பர்ஃபிரன்ட் என்று இரண்டு இடங்களில் கப்பல் முனையங்கள் இருக்கின்றன. எது உங்களுடையது என்று டிக்கெட்டில் பார்த்து வையுங்கள். முந்தைய நாளே போய்த் தங்கிவிட்டால், விமானம் சில மணி நேரம் தாமதமானாலும் கவலை இல்லை. ஒரு இரவு ஹோட்டல் செலவு கூடும்தான். ஆனால் கரையில் நின்றுகொண்டு, நாம் பணம் கட்டிய கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போவதைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்!